‘லவிங்’ (2016): மெதுவான படமா, இல்லை நாம் அவசரப்படுகிறோமா?

கொட்டகை:

ஜெஃப் நிக்கோல்ஸ் எடுத்த ‘லவிங்’ பற்றிப் பேச்சு வந்தாலே "நல்ல படம்தான், ஆனா ரொம்ப மெதுவா போகுது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை, அதனால்தான் தனி இழை. நடந்த கதை, தீர்ப்பு வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது, ஆகவே முடிவைத் தயங்காமல் சொல்கிறேன்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம், கரோலைன் கவுண்ட்டி, சென்ட்ரல் பாயிண்ட் என்று ஒரு கிராமம். ரிச்சர்ட் லவிங் வெள்ளையர், கொத்தனார் வேலை. மில்ட்ரெட் ஜீட்டர் கறுப்பினமும் பூர்வகுடி வம்சமும் கலந்த குடும்பத்துப் பெண். 1958 ஜூன் 2 அன்று வாஷிங்டன் டி.சி.க்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்புகிறார்கள், ஏனென்றால் வர்ஜீனியாவில் அந்தக் கல்யாணமே குற்றம். ஆறு வாரம்கூட நிம்மதியாக இருக்கவில்லை. ஜூலை 11 விடியற்காலை இரண்டு மணி வாக்கில் ஷெரீஃப் கார்னெட் புரூக்ஸ் தன் ஆட்களோடு படுக்கையறைக்குள்ளேயே வந்து டார்ச் அடித்து எழுப்பி, கூடப் படுத்திருப்பது யார் என்று ரிச்சர்டிடம் கேட்கிறார். நான் அவர் மனைவி என்று மில்ட்ரெட் சொல்கிறார். சுவரில் மாட்டியிருந்த கல்யாணச் சான்றிதழைக் காட்டினால், அது இந்த ஊரில் செல்லாது என்று பதில் வருகிறது.

1959 ஜனவரியில் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்கள். நீதிபதி லியோன் பஸீல் ஒரு வருடச் சிறைத்தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைக்கிறார், ஒரு நிபந்தனையோடு: இருவரும் வர்ஜீனியாவை விட்டு வெளியேற வேண்டும், 25 வருடத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வரக்கூடாது. தனித்தனியாக வந்து அம்மா அப்பாவைப் பார்க்கலாம், சேர்ந்து வந்தால் ஜெயில்.

படம் ஏன் அந்த வேகத்தில் போகிறது என்பதற்கு இந்த நிபந்தனைதான் பதில் என்று நினைக்கிறேன். இவர்களுக்குத் தண்டனை சிறைக் கம்பிக்குள் நடக்கவில்லை. துணி காயப்போடும்போது, திண்ணையில் உட்காரும்போது, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது நடந்தது. அதைக் காட்ட வேண்டுமென்றால் அந்தத் திண்ணையில் நாமும் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். தூரத்தில் ஒரு கார் சத்தம் கேட்டதும் ரிச்சர்டாக வரும் ஜோயல் எட்ஜர்டன் தலையைத் திருப்புவார் பாருங்கள், அந்த ஒரு அசைவுக்கு நாம் பயப்பட வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஒன்றுமே நடக்காத பத்து நிமிடம் தேவை.

பின்வரிசை:

நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் பாதிதான். 1967 ஜூன் 12 தீர்ப்பு அமெரிக்கச் சரித்திரத்தையே திருப்பியது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னது. இனம் கலந்து கல்யாணம் செய்வதைத் தடுத்து அன்றைக்குப் பதினாறு மாநிலங்களில் உயிரோடு இருந்த சட்டங்களை ஒரே நாளில் செல்லாமல் ஆக்கியது. அப்படிப்பட்ட வழக்கின் உச்சநீதிமன்ற வாதத்தை இந்தப் படம் ஏதோ வழியில் கடந்து போகிற மாதிரி காட்டிவிட்டு, அப்புறம் ஒரு டெலிபோன் அழைப்பில் தீர்ப்பை முடித்துவிடுகிறது. கேமரா ரிச்சர்ட் செங்கல் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! சமூக உரிமைப் போராட்டத்தைப் பற்றிப் படம் எடுத்துவிட்டுப் போராட்டத்தை டி.வி. பெட்டிக்குள் மட்டும் காட்டினால் எப்படி? 1963 வாஷிங்டன் பேரணி, வர்ஜீனியாவை விட்டு வெளியேறி இவர்கள் குடியிருந்த அதே ஊரில் நடந்தது. மில்ட்ரெட் அதை டி.வி.யில் பார்க்கிறார். அவ்வளவுதான்.

இன்னொன்று, இரண்டு பேரையும் படம் ரொம்ப நல்லவர்களாகவே வைத்திருக்கிறது. ஒரு தடவைகூடக் கோபத்தில் கத்தவில்லை. ஒன்பது வருடம் இப்படி அலைக்கழிக்கப்பட்டவர்கள் ஒரு தட்டையாவது தூக்கி எறிந்திருக்க மாட்டார்களா?

நிலாமுற்றம்:

பின்வரிசை அண்ணா, டி.வி.யில் பேரணி பார்க்கிற அந்தக் காட்சிதான் எனக்குப் படத்திலேயே முக்கியமானது. பேரணி நடக்கும் இடம் அதே நகரம், ஆனால் தனக்கும் அதற்கும் உலகத்தின் பாதி தூரம் என்கிற மாதிரிதான் மில்ட்ரெட் பேசுவார். போராட்டத்தில் இருந்தவர்கள் யார், அதன் ஓரத்தில் நின்று அதன் முழு அடியையும் வாங்கியவர்கள் யார் என்று அங்கே தெரிந்துவிடுகிறது. மூன்று பிள்ளைகள், நெருக்கடியான தெரு, விளையாட ஒரு முற்றம் கிடையாது. கிராமத்தில் வளர்ந்தவருக்கு அந்த ஊரே மூச்சு முட்டுகிறது. பையன் ஒருவனைக் கார் இடித்துவிட்ட பிறகு இனி இங்கே இருக்க முடியாது என்று முடிவு எடுப்பதும் அவர்தான். ராபர்ட் கென்னடிக்குக் கடிதம் எழுதுவதும் அவர்தான். கென்னடி அப்போது அட்டர்னி ஜெனரல், அதாவது அமெரிக்க அரசின் தலைமைச் சட்ட அதிகாரி. அமெரிக்க சிவில் உரிமைகள் சங்கத்தை அணுகச் சொல்லி அங்கிருந்து பதில் வந்தது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த வழக்கைப் பற்றி எழுதுகிற பலர் வக்கீல்கள் தேடிக் கண்டுபிடித்த வழக்கு மாதிரி எழுதுகிறார்கள். இல்லை. ஒரு வீட்டுப் பெண், பள்ளிப்படிப்போடு நின்றவர், ஒரு தாளை எடுத்து எழுதி அனுப்பியதில் தொடங்கியது. ரூத் நெகா அதை எவ்வளவு அடக்கமாக நடித்திருக்கிறார்! எத்தியோப்பியாவில் பிறந்து அயர்லாந்தில் வளர்ந்தவர், வர்ஜீனியா கிராமத்துப் பெண்ணாகவே மாறியிருக்கிறார். முதலில் தரையைப் பார்த்துப் பேசுகிற பெண், கடைசியில் பத்திரிகைக்காரர்கள் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறாள். அந்த மாற்றம் நடந்த இடம் எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அத்தனை மெல்ல நடக்கும். ஆஸ்கருக்குச் சிறந்த நடிகை பரிந்துரை கிடைத்தது, விருதும் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

தட்டை எறியாதது பற்றி: உண்மையான அந்தத் தம்பதியின் பழைய காட்சிப்பதிவுகள் 2011இல் நான்சி புயர்ஸ்கி எடுத்த ஆவணப்படத்தில் இருக்கின்றன. நிக்கோல்ஸின் படத்துக்கு அடிப்படையே அதுதான். பார்த்தால் தெரியும், அவர்கள் நிஜமாகவே அப்படித்தான் இருந்தார்கள்.

கறுப்புக்கோட்டு:

தொழில் வக்கீல் என்பதால் சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இது ஒன்றிரண்டு வசனத்தில் போய்விடுவதால் பலருக்குப் புரிவதில்லை.

முதலில், இந்தச் சட்டம் 1958இல் திடீரென்று முளைத்ததல்ல. வர்ஜீனியா பிரிட்டிஷ் காலனியாக இருந்தபோதே, 1691இல், கறுப்பரையோ பூர்வகுடியையோ மணக்கும் வெள்ளையரை மூன்று மாதத்துக்குள் காலனியை விட்டே நிரந்தரமாகத் துரத்தச் சட்டம் போட்டார்கள். 1959இல் பஸீல் கொடுத்த தண்டனையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாடுகடத்தல்தான், 268 வருடம் கழித்தும் அதேதான்.

லவிங் தம்பதி மீது பாய்ந்தது 1924ஆம் வருடத்து இனத்தூய்மைச் சட்டம். அதன்படி வெள்ளையர் என்றால் வேறு இரத்தம் ஒரு துளிகூடக் கலந்திருக்கக் கூடாது. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு வைத்தார்கள். பூர்வகுடி இரத்தம் பதினாறில் ஒரு பங்கு வரை இருந்தால் பரவாயில்லை, வெள்ளையர்தான். ஏன் தெரியுமா? வர்ஜீனியாவின் பெரிய வீட்டுக் குடும்பங்கள் சில தங்களைப் போகஹாண்டஸ் என்ற பூர்வகுடித் தலைவர் மகளின் வம்சம் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தன. அவர்களுக்காகச் சட்டம் வளைந்தது. மில்ட்ரெட்டுக்கு வளையவில்லை. மீறினால் ஒன்று முதல் ஐந்து வருடம் வரை சிறை. வெளி மாநிலத்துக்குப் போய்ச் செய்துகொண்டு வந்தாலும் விடாது, அதற்குத் தனிப் பிரிவு.

இரண்டாவது, லவிங் தம்பதியின் வக்கீல்கள் பெர்னார்டு கோஹனும் ஃபிலிப் ஹிர்ஷ்காப்பும் எடுத்த பாதை. இருவருக்கும் அனுபவம் குறைவு, உச்சநீதிமன்றத்தில் வாதாடும்போது ஒருவருக்கு 33, இன்னொருவருக்கு 30 வயது. கையில் வந்த கேஸோ முடிந்துபோன கேஸ். கட்சிக்காரர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்கள், மேல்முறையீட்டுக் காலமும் போய்விட்டது. எந்த வக்கீலும் தலையில் கை வைத்துவிடுவான். கோஹன் பிடித்த நூல், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருப்பதால் வழக்கு இன்னும் அந்த நீதிமன்றத்தின் கையில்தான் இருக்கிறது என்பது. 1963 நவம்பரில் தீர்ப்பை ரத்துசெய்யக் கோரி அதே பஸீலிடம் மனு போட்டார். பஸீல் அதைத் தொடவே இல்லை. ஒரு வருடம் அப்படியே கிடந்தது. 1964 அக்டோபரில் ஃபெடரல் கோர்ட்டில் தனியாக வழக்குப் போட்ட பிறகுதான் அசைந்து, 1965 ஜனவரியில் உத்தரவு எழுதினார்.

அந்த உத்தரவில்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பகுதி வருகிறது. கடவுள் இனங்களைத் தனித்தனிக் கண்டங்களில் படைத்து வைத்தார், கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் பிரித்து வைத்தார் என்று ஒரு நீதிபதி தீர்ப்பில் எழுதினார். இதைவிட நல்ல உதவியைக் கோஹனுக்கு வேறு யாரும் செய்திருக்க முடியாது. சட்டத்தின் நோக்கம் என்ன என்று நிரூபிக்கத் தனியாகச் சாட்சி தேட வேண்டியதில்லை, நீதிபதியே எழுதிக் கொடுத்துவிட்டார். 1966 மார்ச்சில் வர்ஜீனியா உயர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. வாஷிங்டனில் இருக்கும் உச்சநீதிமன்றத்துக்கான கதவு அதோடு திறந்தது.

அப்புறம் ஒரு விஷயம். இதே நீதிமன்றத்துக்கு இதே கேள்வி முன்பே போனது. ஒரு சீன மாலுமி வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்ட வழக்கு, நெய்ம் எதிர் நெய்ம். அப்போது உச்சநீதிமன்றம் கைகழுவிவிட்டது. 1954இல்தான் பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று தீர்ப்புச் சொல்லித் தெற்கு மாநிலங்கள் கொதித்துக்கொண்டிருந்தன, அடுத்த வருடமே கல்யாணத்தில் கை வைக்க நீதிபதிகளுக்குத் தைரியம் வரவில்லை. அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுத்தவர்களில் ரிச்சர்டும் மில்ட்ரெட்டும் அடக்கம்.

தெற்குத்தெரு:

அருமையான விளக்கம் சார். ஒரு சந்தேகம். இரண்டு பேருக்கும் ஒரே தண்டனை, வெள்ளையருக்கும் அதே, கறுப்பருக்கும் அதே, ஆகவே பாகுபாடு எங்கே என்றுதானே வர்ஜீனியா வாதாடியது? அதை எப்படி உடைத்தார்கள்?

கறுப்புக்கோட்டு:

நல்ல கேள்வி தம்பி. அந்த வாதம் பழசு. 1883இல் அலபாமா வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றமே அதை ஏற்றது. 1964 டிசம்பரில் ஃபுளோரிடா வழக்கில் அதை உதறிவிட்டார்கள். லவிங் வழக்கில் தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் அதை முழுதாகப் புதைத்தார். அவர் பிடித்த இடம் எளிமையானது. வர்ஜீனியா தடுத்தது வெள்ளையர் சம்பந்தப்பட்ட கலப்பை மட்டும்தான். கறுப்பரும் சீனரும் கட்டிக்கொண்டால் மாநிலத்துக்கு அக்கறை இல்லை. அப்படியென்றால் எல்லா இனத்தையும் காப்பாற்றுகிறோம் என்ற பேச்சு பொய், வெள்ளை ஆதிக்கத்தைக் காப்பாற்றவே சட்டம் என்று தீர்ப்பிலேயே எழுதினார். ஜப்பானிய அமெரிக்கர் சங்கத்தின் சார்பில் வில்லியம் மாருட்டானி என்ற வக்கீலும் அன்று வாதாடினார், அவரும் இதைத்தான் தொட்டார். அவர் படத்தில் இல்லாதது எனக்குக் குறைதான்.

கொட்டகை:

பின்வரிசை கேட்ட உச்சநீதிமன்றக் காட்சிக்கு வருகிறேன். நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி அழைத்தும் அவர்கள் போகவில்லை, இது நிஜம். அவர்கள் போகாத இடத்துக்குக் கேமராவும் அதிகம் போகவில்லை. கோஹன் வாதாடும்போது ரிச்சர்ட் சொல்லியனுப்பியதைத்தான் நீதிபதிகளிடம் சொன்னார்: நான் என் மனைவியை நேசிக்கிறேன், வர்ஜீனியாவில் அவளோடு வாழ முடியாதது அநியாயம் என்று கோர்ட்டில் சொல்லுங்கள். முடிந்தது. மனிதருக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. பிரமாண்டமான கோர்ட் காட்சி ஒன்றை எடுத்து இந்த வாசகத்துக்குப் பின்னால் வயலின் ஓடவிட்டிருந்தால் படம் ரிச்சர்டைவிட்டு வக்கீல்களிடம் போயிருக்கும்.

‘லைஃப்’ பத்திரிகைக்காகப் படமெடுத்த கிரே வில்லெட் வரும் பகுதியையும் கவனியுங்கள், மைக்கேல் ஷனன் நடித்தது. ரிச்சர்ட் சோபாவில் மனைவி மடியில் தலைவைத்து டி.வி. பார்த்துச் சிரிக்கிறார், வில்லெட் சத்தமில்லாமல் ஒரு படம் எடுக்கிறார். அந்தப் புகைப்படம் நிஜத்தில் இருக்கிறது. படம் மொத்தமும் அந்த ஒரு புகைப்படத்தை விளக்குவதற்காக எடுக்கப்பட்டது போல எனக்குத் தோன்றும்.

தெற்குத்தெரு:

எனக்கு அடிவயிற்றில் குத்தியது வேறு காட்சி. கறுப்பின நண்பர்களோடு உட்கார்ந்து குடிக்கும்போது ஒருவர் ரிச்சர்டைப் பார்த்து, இப்போது உனக்குத் தெரிகிறதா எங்கள் நிலைமை, ஆனால் நீ நினைத்தால் நாளைக்கே வெளியே போகலாம், அவளை விவாகரத்து செய்தால் போதும் என்கிற மாதிரி பேசுவாரே, அது. ரிச்சர்டுக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், உன்னை நான் பார்த்துக்கொள்வேன் என்று உடைந்து அழுகிறார். கத்தவே இல்லை என்றார் பின்வரிசை, அந்த அழுகை கத்தலைவிடப் பெரியது.

அவர் வளர்ந்த ஊரையும் யோசிக்க வேண்டும். சென்ட்ரல் பாயிண்டில் வெள்ளையரும் கறுப்பரும் பூர்வகுடிகளும் பல தலைமுறையாகக் கலந்து பழகினார்கள், கார் பந்தயத்துக்குச் சேர்ந்தே போனார்கள். ரிச்சர்டின் அம்மா மருத்துவச்சி, எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் பிரசவம் பார்த்தவர். ஊர் ஏற்றுக்கொண்டதைச் சட்டம் ஏற்கவில்லை. பொதுவாக நாம் நேர் எதிராகத்தான் நினைப்போம், சட்டம் முன்னால் போகும், ஊர் பின்னால் இழுக்கும் என்று.

பின்வரிசை:

ஊர் முழுக்க ஏற்றுக்கொண்டது என்று சொல்லாதீர்கள். யாரோ ஒருவர் ஷெரீஃபிடம் போய்ச் சொல்லித்தானே அந்த ராத்திரி கைது நடந்தது. படத்திலேயே ‘லைஃப்’ கட்டுரை வந்த பிறகு ரிச்சர்டின் காரில் அந்தப் பக்கத்தைச் சுற்றி ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போகிறார்கள். ரிச்சர்டின் அம்மாவே நீ அவளைக் கட்டியிருக்கக் கூடாது என்று சொல்கிற காட்சியும் இருக்கிறது. மருமகளை வெறுக்கிற மாமியார் இல்லை அவர், பிரசவமும் அவர்தான் பார்க்கிறார். அந்த ஒரு இடத்தில் படம் சிக்கலைத் தைரியமாகக் காட்டியது, இன்னும் நாலு காட்சி அப்படி இருந்திருந்தால் நான் இங்கே இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேன்.

மில்ட்ரெட்டின் பூர்வகுடி அடையாளத்தைப் பற்றியும் படம் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. திருமண விண்ணப்பத்தில் அவர் பெயருக்கு எதிரே ‘இந்தியர்’, அதாவது அமெரிக்கப் பூர்வகுடி, என்றுதான் இருந்தது, பிற்காலத்தில் அவரே தன்னைப் பூர்வகுடி என்று சொல்லியிருக்கிறார். வெள்ளை, கறுப்பு என்று இரண்டே கட்டத்துக்குள் மனிதரை அடைத்தது 1924 சட்டம். 2016இல் எடுத்த படமும் அதே இரண்டு கட்டத்தோடு நின்றது எனக்கு வருத்தம்.

நிலாமுற்றம்:

இதில் உங்களோடு முழுசாக ஒத்துப்போகிறேன் அண்ணா. அந்த மாநிலத்தில் பதிவாளராக இருந்த வால்ட்டர் பிளெக்கர் பல வருடம் உட்கார்ந்து பிறப்புச் சான்றிதழ்களில் பூர்வகுடி என்று இருந்ததையெல்லாம் கறுப்பர் என்று மாற்ற வைத்தவர். குடும்பங்கள் தங்கள் வம்சத்தைக் காகிதத்தில் நிரூபிக்க முடியாமல் போனதற்கு அவர் ஒருவர் போதும். இதை ஒரு காட்சியிலாவது வைத்திருக்கலாம்.

ஆனால் 1996இல் வந்த தொலைக்காட்சிப் படத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அந்தப் படத்தில் உண்மை என்று இருந்தது எனக்கு மூன்று பிள்ளைகள் என்பது மட்டும்தான் என்று மில்ட்ரெட்டே சொன்னார். நிக்கோல்ஸ் படத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 2008 மே மாதம் போய்விட்டார். ரிச்சர்டோ 1975இலேயே, குடிபோதையில் ஒருவன் ஓட்டிவந்த கார் மோதி இறந்தார், அதே விபத்தில் மில்ட்ரெட்டுக்கு ஒரு கண் போனது. தீர்ப்புக்குப் பிறகு சேர்ந்து வாழ எட்டே வருடம். பஸீலின் 25 வருடத் தடை அப்படியே இருந்திருந்தால் 1984 வரை ஓடியிருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீதிபதி மேல் வருகிற கோபம் அடங்குவதில்லை.

தெற்குத்தெரு:

தீர்ப்பு வந்ததும் எல்லா மாநிலமும் சட்டத்தை எடுத்துவிட்டதா?

கறுப்புக்கோட்டு:

செல்லாமல் போனது 1967இல். புத்தகத்திலிருந்து எடுக்க அவசரமே காட்டவில்லை. தென் கரோலைனா தன் அரசியல் சாசனத்திலிருந்து நீக்கியது 1998இல், அலபாமா 2000இல். அலபாமாவில் மக்கள் ஓட்டுக்கு விட்டபோது நூற்றுக்கு நாற்பது பேர் நீக்க வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். இரண்டாயிரமாவது வருடத்தில்!

இன்னொரு பக்கம், அந்தத் தீர்ப்பு வளர்ந்துகொண்டே இருந்தது. 2015இல் ஒரே பாலினத்தவர் திருமணத்தை அங்கீகரித்த தீர்ப்பில் லவிங் வழக்கைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார்கள்.

பின்வரிசை:

சரி, ஆவணப்படத்தையும் பார்த்துவிட்டு மறுபடி சண்டைக்கு வருகிறேன். எதை முதலில் பார்ப்பது?

நிலாமுற்றம்:

நீங்கள் நிக்கோல்ஸ் படத்தைப் பார்த்துவிட்டீர்கள், ஆகவே நேராக ஆவணப்படத்துக்குப் போகலாம். புதிதாகப் பார்ப்பவர்கள் கதைப்படத்தில் தொடங்குவது நல்லது, இல்லையென்றால் நடிகர்களை நிஜ முகங்களோடு ஒப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள்.

கறுப்புக்கோட்டு:

அதோடு 1967 ஏப்ரல் 10 அன்று நடந்த வாதத்தின் ஒலிப்பதிவையும் கேளுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படத்தில் உங்களுக்குக் கிடைக்காத கோர்ட் முழுதாக அங்கே இருக்கிறது. கோஹன் பேசும் பகுதியைத் தவறவிடாதீர்கள். ராத்திரி தூங்கப் போகும் இந்தத் தம்பதி, காலையில் தாங்கள் எழுந்திருக்காவிட்டாலும் பிள்ளைகளுக்குச் சொத்தில் வாரிசுரிமை உண்டு என்ற நிம்மதியோடு தூங்க உரிமை வேண்டும் என்கிறார். வர்ஜீனியா தரப்பில் மெக்கில்வேன் பேசுவதையும் கேளுங்கள். குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல், கலப்புக் கல்யாணத்தால் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள் என்று அடுக்கிக்கொண்டே போவார். அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.